மேடையில ஒரு யாமே

பையனுக்குத்தானுங்களே? உக்காருங்க, உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாமுங்க, கால் ஆடும், இதுல உக்காருங்க. நாலாவது முடிச்சிருக்கறானா. டீச்சர் எந்திரிச்சுப் பேசச் சொன்னா சட்டைக் காலரைக் கடிச்சுக்கிட்டு நிக்கறானா. போதுமுங்க, மீதிய நானே சொல்லிப்போடுவேன். வீட்டுல வாய் ஓயாது, வெளிய போனா ஊமை. இந்த மாடிப்படி ஏறி வர்ற அத்தனை பேரும் இதையேதானுங்க சொல்லுவாங்க. சொல்லிப்போட்டு, 'மாஸ்டர், இவனுக்குத் தலைமைப்பண்பு வளரோணும், நீங்கதான் பாத்துக்கோணும்'பாங்க. கீழ உரக்கடை போர்டுக்கு மேல நம்ம போர்டைப் பாத்திருப்பீங்களே? 'தண்டபாணி கராத்தே பயிற்சிப் பள்ளி, தலைவர்களை உருவாக்கும் இடம்'னு. அது சும்மா அழகுக்கு எழுதுனது இல்லீங்க.

ஏன் ஒருத்தரையும் காணோம்னு பாக்கறீங்க. பரீட்சை நேரமுங்க, அதுதான்.

முடிஞ்சு போச்சுங்களா? போன வாரமேவா?

சரி. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. நாளைக்கு நீங்க டீக்கடையில நின்னா எவனாச்சும் ஒண்ணுக்கு ரெண்டாச் சொல்லுவான். 'அங்கயா சேத்தறீங்க, சொந்தப் பொண்ணு கைய ஒடிச்சவனாச்சே'ம்பான். அதுக்கு நானே உள்ளதை உள்ளபடி சொல்லிப்போடறேன். முழுசாக் கேளுங்க. கேட்டுப்போட்டு, ஆரு பேர்ல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு புள்ளைங்க. ஜீவிதான்னு பேரு. இந்த வருஷம் பன்னண்டாவது எழுதியிருக்குது. அவிய அம்மா ரைஸ் மில்லுல நெல்லு அவிக்கறாங்க, அப்பன் இல்லை. அஞ்சாவது படிக்கறப்ப இந்தப் புள்ளை தினம் வந்து அந்தக் கதவோரமா நின்னு எட்டிப் பாக்கும். உள்ள வான்னு கூப்பிட்டது நாந்தானுங்க. காசு வாங்கலை. இத்தனை வருஷத்துக்கும் ஒரு பைசா வாங்கலை. சொல்லிக் காட்டறதுக்காகச் சொல்லலைங்க. ஆனா சொல்லித்தானே ஆகோணும்?

அதுக்குப் பதிலா நான் ஒண்ணும் கேக்கலை. சாயந்தரம் எல்லாருக்கும் முன்னாடி வந்து ஹாலைக் கூட்டும், மேட் விரிக்கும், குடத்துல தண்ணி ரொப்பி வெக்கும். முடிஞ்சா எல்லாத்தையும் எடுத்து வெச்சுப்போட்டு, கதவைப் பூட்டி, சாவியைக் கீழ உரக்கடையில குடுத்துப்போட்டுப் போகும். அவ்வளவுதான். மத்த புள்ளைக செய்யறதில்லையேன்னு ஒருக்கா ஆரோ கேட்டாங்க. அதுதானுங்க தலைமைப் பயிற்சி. பணிவு வந்தாத்தானே தலைமை வரும்? மத்தவங்க காசு கட்டறாங்க. அவங்க புள்ளைக கையில வெளக்கமாத்தைக் குடுத்தா சும்மா இருப்பாங்களா?

அப்படியே வளந்து, பிளாக் பெல்ட் வாங்குச்சு. கேப்டன் ஆக்குனேன். கேப்டன்னா முன் வரிசையில வலது ஓரத்துல நிக்கோணும். நான் வர்ற வரைக்கும் கிளாசை அதுதான் நடத்தும். இச்சி, நீ, சான், சின்னு ஜப்பான்காரன் பாஷையில எண்ணிக் குடுக்கும், நாப்பது புள்ளைக அந்தக் குரலுக்குக் குத்து விடுவாங்க. நல்லா நடத்தும், அதை நான் இல்லைங்கலை. ஒரே ஒரு கோளாறு, சின்னப் பசங்ககிட்டப் பேசறப்ப முட்டி போட்டு அவங்க உசரத்துக்கு உக்காந்துக்கும். கூப்பிட்டுச் சொன்னேன், 'இதபாரு, தலைவன் குனியக் கூடாது. குனிஞ்சா தலையில ஏறி உக்காந்துக்குவாங்க.' 'ஓஸ்'னுச்சு. எங்க கிளாஸ்ல எதுக்கும் அந்த ஒரு பதில்தானுங்க, ஓஸ். சரிங்க, ஆகட்டுமுங்க, புரிஞ்சுதுங்க, எல்லாம் அதுக்குள்ள அடக்கம். முடியாதுங்கறதுக்கு மட்டும் வார்த்தை இல்லை. நான் சொல்லித் தரலை. அது எதுக்குங்க புள்ளைகளுக்கு?

உறுதிமொழி ஒண்ணு இருக்குது, நானே எழுதுனது. கிளாஸ் முடிஞ்சதும் எல்லாரும் கை கட்டிச் சொல்லோணும். 'முதலில் கீழ்ப்படிவேன், பிறகு தலைமை ஏற்பேன்.' ஒரு நாள் ஒரு வாண்டு கேக்கறான், 'மாஸ்டர், அந்தப் பிறகு எப்பங்க மாஸ்டர் வரும்?'னு. முப்பது தண்டால் எடுக்க வெச்சேன். அப்புறம் ஒருத்தனும் கேக்கலை.

சிரிக்கறீங்க. சிரிங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். நான் பேச்சு எடுபடாத ஆளா இருந்தவனுங்க. எங்கூட்டுல எனக்கு மேல மூணு அண்ணனுங்க. காட்டுல என்ன வெதைக்கறதுன்னு பேசுனாலும் சரி, கண்ணாலப் பேச்சுன்னாலும் சரி, நான் வாயத் தொறந்தா 'நீ போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு'ம்பாங்க. போலீசுக்கு எழுதுனேன், உசரம் பத்தலைன்னு அனுப்பிப்போட்டாங்க. அப்புறம் கராத்தே கத்துக்கிட்டு, இந்த மாடிய வாடகைக்குப் புடிச்சு, முதல் நாள் 'ஹாஜிமே'ன்னு ஒரு சத்தம் போட்டேன் பாருங்க. அத்தனை புள்ளைகளும் ஒண்ணாக் கால எடுத்து வெச்சாங்க. அன்னைக்கு வீட்டுக்குப் போயி சந்தோஷத்துல எனக்குச் சோறே இறங்கலை. அந்தச் சந்தோஷத்தைத்தானுங்க இந்த ஜீவிதா பறிச்சுப்போட்டுச்சு.

ஹாஜிமேன்னா ஆரம்பி. யாமேன்னா நிறுத்து. யாமேன்னு காதுல விழுந்தாப் போதும், குத்து பாதியில இருந்தாலும் அப்படியே நிறுத்தி, மண்டி போட்டு உக்காந்து தலை குனிஞ்சுக்கோணும். இதுல நான் ஒரு முட்டாத்தனம் பண்ணிப்போட்டேன். ஒருக்கா சண்டைப் பயிற்சியில ஒரு பையனுக்குப் பல்லு போயிருச்சு. அவிய அப்பா வக்கீலு. பேரண்ட்ஸ் எல்லாம் இந்த ஹாலுக்குள்ள வந்து கூடிட்டாங்க. அவங்களைச் சமாதானம் பண்ணோணுமே? இதா, இந்த எடத்துல நின்னுதான் சொன்னேன். 'இனிமேல் காயம்னு கண்ணுல பட்டா ஆரு வேணும்னாலும் யாமே சொல்லலாம். கேப்டன் சொல்லலாம், கடைசி வரிசை வாண்டு சொல்லலாம். சொன்னா எல்லாரும் நிறுத்தோணும். நானே ஆனாலும் நிறுத்தோணும்.'

நானே ஆனாலும்! ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானுங்களே. விருந்துக்கு வந்தவங்ககிட்ட 'உங்க வீடு மாதிரி நினைச்சுக்கங்க'ம்போம், அதுக்காக பீரோவைத் தொறந்து பாப்பாங்களா? எல்லாரும் கை தட்டுனாங்க. வக்கீலே தட்டுனாரு. ஜீவிதா மட்டும் கை தட்டாம என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. மனசுல குறிச்சு வெச்சுக்கிச்சு போல.

இனி எம்புள்ளை விஷயத்துக்கு வர்றேன். நேத்ரான்னு பேரு, ஏழாவது படிக்கறா. ஒரே புள்ளை. அவளும் உங்க பையனாட்டத்தானுங்க, குரலே வெளிய வராது. மாஸ்டர் பொண்ணே இப்படியிருந்தா ஊர் என்ன பேசும்? அதனால மத்தவங்களுக்குப் பத்துன்னா அவளுக்கு இருபது. மத்தவங்க உக்காந்தா அவ நிக்கோணும். கிளாஸ்ல அப்பான்னு கூப்பிடக் கூடாது, மாஸ்டர்னுதான் கூப்பிடோணும்னு சட்டம் போட்டேன். பாரபட்சம் கூடாதில்லீங்களா? கொஞ்ச நாள்ல வீட்டுலயும் மாஸ்டர்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டா. 'மாஸ்டர், அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க'ம்பா. ஒழுக்கம்னா ரத்தத்துல அப்படி ஊறியிருந்துச்சு. எங்கூட்டுக்காரிதான் அதைக் கேட்டா விசுக்குனு அடுப்படிக்குள்ள போயிருவா. அவளுக்கு இதெல்லாம் புரியாதுங்க.

தை மாசம் இங்க ஒரு பெரிய பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா. பேரு வேண்டாம். இந்த வட்டாரத்துல அவங்களுக்கு அஞ்சாறு கிளை இருக்குது, எல்லாத்துலயும் கராத்தேயைப் பாடமா வெக்கப்போறாங்கன்னு பேச்சு. கரஸ்பாண்டன்ட் என்னைக் கூப்பிட்டு, 'தண்டபாணி, விழாவுல உங்க புள்ளைக என்ன பண்றாங்கன்னு காட்டுங்க, பாத்துட்டு முடிவு பண்ணலாம்'னாரு. இத்தனை வருஷமா உரக்கடை மாடியில யூரியா நாத்தத்துல கிடந்தவனுக்கு எப்படியிருக்கும்னு நினைக்கறீங்க? அண்ணனுங்க மூணு பேருக்கும் பத்திரிகை குடுத்தேன். முன்னாடி வந்து உக்காருங்கடான்னு.

கடைசி ஐட்டம் ஓடு உடைக்கறது. அஞ்சு ஓட்டை அடுக்கி வெச்சு, ஒரே வெட்டுல. எப்பவும் ஜீவிதாதான் உடைக்கும். நான் மாத்துனேன். நேத்ரா உடைக்கட்டும்னேன். சின்னப் புள்ளை, மாஸ்டரோட பொண்ணுன்னு மைக்குல சொன்னாலே கூட்டம் எந்திரிச்சு நிக்குமில்ல? ஜீவிதாகிட்டச் சொன்னேன். மூஞ்சி சுருங்கிப்போச்சு. 'அவளுக்கு எலும்பு இன்னும் முத்தலைங்க மாஸ்டர், ரெண்டு வருஷம் போகட்டுங்களே'ன்னுச்சு. பொறாமைங்க, வேற என்ன? தன்னோட எடம் போகுதேங்கற வயித்தெரிச்சல்.

பயிற்சியில ஒரு நாள் எம்புள்ளைக்கு வலது மணிக்கட்டு வீங்கிப்போச்சு. கொஞ்சந்தான். அவிய அம்மா எண்ணெய் தேச்சு துணி சுத்தி விட்டா. 'வலிக்குதுங்க மாஸ்டர்'னா எங்கிட்ட வந்து. 'வலி கையில இல்லை, மனசுல இருக்குது. தலைவனுக்கு வலி கிடையாது'ன்னேன். 'ஓஸ்'னா. அதுக்கப்புறம் வலிக்குதுன்னு அவ ஒரு வார்த்தை சொல்லலீங்க. அப்பச் சரியாப் போச்சுன்னுதானே அர்த்தம்? நீங்களா இருந்தா என்ன நினைச்சிருப்பீங்க?

இதுல ஒரு தொழில் சூட்சுமம் இருக்குது, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவுல, ரெண்டு ஓரத்துலயும் பென்சில் வெப்போம். அந்தச் சந்து இருந்தா மேல் ஓடு உடைஞ்ச வேகத்துல கீழ இருக்கறது ஒவ்வொண்ணாத் தானா உடைஞ்சுக்கிட்டே போகும். பென்சிலை எடுத்துப்போட்டா அஞ்சும் சேந்து ஒரே கல்லு. வளந்த ஆளுக்கே சிரமம். எல்லா மாஸ்டரும் பென்சில் வெப்பாங்க. அது ஏமாத்து இல்லீங்க, அது ஒரு முறை.

விழாவும் வந்துச்சு. எல்லாம் நல்லாத்தான் போச்சு. புள்ளைக குத்துனாங்க, உதைச்சாங்க, கரஸ்பாண்டன்ட் தலையாட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. ஓட்டை அடுக்குனோம். அந்தப் பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் ஒருத்தன் அவருக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, எனக்குக் கேக்கோணும்னே சொல்றான், 'பென்சில் வெச்சா எல்.கே.ஜி. குழந்தை கூட உடைச்சுப்போடும்ங்க சார்'னு. கரஸ்பாண்டன்ட் சிரிச்சாரு. அவருக்குப் பின்னாடி எங்க பெரியண்ணனும் சிரிச்சான். எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சுங்க. மைக்கைக் கையில வெச்சுக்கிட்டே போயி, கூட்டம் பாக்கப் பாக்க, பென்சிலை ஒவ்வொண்ணா உருவி வீசுனேன். என்ன கைதட்டல்ங்கறீங்க! அந்த மாதிரி ஒரு கைதட்டலை நான் வாழ்க்கையில வாங்குனதில்லை.

நேத்ரா என்னைப் பாத்தா. மைக்கைக் கையால மூடிக்கிட்டு, 'என்னைப் பாக்காதே, ஓட்டைப் பாரு'ன்னேன். 'ஹாஜிமே'ன்னேன். 'ஓஸ்'னா. அடிச்சா. ஒரு ஓடு கூட உடையலை. கூட்டத்துல எவனோ களுக்குனு சிரிச்சான். சத்தியமாச் சொல்றேன், எனக்கு அவ மேல கோவமில்லை, சிரிச்சவன் மேலதான். 'மறுபடி'ன்னேன். அடிச்சா. மேல ஓடு ஒண்ணு விரிஞ்சுது. அப்ப என்னமோ ஒரு சத்தம் கேட்டுச்சாம். முன்னால உக்காந்திருந்தவங்கல்லாம் அப்புறம் சொன்னாங்க, ஓடு உடையற சத்தம் வேற, இது வேறன்னு. எனக்குக் கேக்கலை. நான் பக்கத்துலதான் நின்னேன். கேக்கலைங்க. அவ கத்தலை, அழுகலை. கத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமில்ல? முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்துச்சு. 'இன்னொருக்கா, முடிச்சுப்போடு கண்ணு'ன்னேன். கண்ணுன்னுதானுங்க சொன்னேன், அதை ஆரும் சொல்ல மாட்டாங்க. அவ கையத் தூக்கறா. கை பாதி தூரம்தான் வருது.

அப்ப வந்துச்சுங்க, வலது ஓரத்துல கேப்டன் எடத்துல இருந்து. 'யாமே!'

நாப்பது புள்ளைகளும் சடார்னு மண்டி போட்டாங்க. தலை குனிஞ்சுக்கிட்டாங்க. அதுல ஒரு பிசிறு இல்லீங்க, அப்படிப் பழக்கிவிட்டது நானு. எம்புள்ளையும் கைய இறக்கிக்கிட்டு மண்டி போட்டா. நான் பெத்த புள்ளைங்க. நான் அடிங்கறேன், அவ அந்தப் புள்ளையோட யாமேக்கு உக்காரறா.

'ஹாஜிமே!'ன்னேன். ஒருத்தரும் அசையலை. மைக்குல வெச்சு மறுபடி, 'ஹாஜிமே!' ஸ்பீக்கர்தான் கீச்சுனு கத்துச்சு. மூணாவது தடவை எனக்கே குரல் வரலை. நான் சின்ன வயசுல எங்கூட்டு அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டு, அண்ணனுங்க முன்னால பேச வந்ததை முழுங்குனேன் பாருங்க, அப்படி நின்னேன்.

அந்தப் புள்ளை எந்திரிச்சு வந்துச்சு. எனக்கு முன்னால நின்னு குனிஞ்சு வணக்கம் வெச்சுது. முறைப்படிதான், அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. அப்புறம் முட்டி போட்டு நேத்ரா காதுல என்னமோ சொல்லுச்சு. தன்னோட பெல்ட்டை அவுத்து, நான் கட்டிவிட்ட பிளாக் பெல்ட்டுங்க அது, அதை அவ கழுத்துல சுத்தித் தொட்டில் மாதிரி கட்டி, கைய அதுல தூக்கி வெச்சு, தோளோட அணைச்சுக் கூட்டிக்கிட்டுப் படியிறங்கிப் போயிருச்சு. பெல்ட்டை வேற எந்தக் காரியத்துக்கும் எடுக்கக் கூடாதுங்கறது எங்க கிளாஸ்ல பெரிய சட்டம். அத்தனை பேரு முன்னால அதையும் மீறுச்சு.

'அடுத்து யு.கே.ஜி. குழந்தைகளின் மயில் நடனம்'னு மைக்குல சொன்னாங்க. மானம் கப்பலேறிப் போச்சுங்க. கரஸ்பாண்டன்ட் எம்பக்கம் திரும்பலை. பி.டி. வாத்தியார் கீழ கிடந்த பென்சிலைப் பொறுக்கி எங்கிட்ட நீட்டறான்.

ஆஸ்பத்திரியில ரெண்டு எடத்துல எலும்பு முறிஞ்சிருக்குதுன்னாங்க. அதுல ஒண்ணு பழசாம், பயிற்சியப்பவே விரிசல் விட்டிருக்குதாம். டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க, பிளேட் வெக்கோணுமில்ல? நான் போனப்ப எங்கூட்டுக்காரி வார்டு வாசல்ல நின்னா. வளர்மதின்னு பேரு. கண்ணாலமான நாள்ல இருந்து என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசுனவ இல்லை. அன்னைக்கு என்னைப் பாத்ததும் உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டா. ஆஸ்பத்திரியில இருந்து நேரா அவிய அம்மா வீட்டுக்குப் புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. இதே ஊருதான், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். நான் போகலை. நான் எதுக்குங்க போகோணும்? தகப்பன் நானு, மாஸ்டர் நானு. வந்து, தப்பாப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்லை.

ஜீவிதா மட்டும் மறுநாளே வந்துச்சு. பெல்ட்டைத் துவைச்சு மடிச்சு ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு வந்துச்சு. 'மன்னிப்புக் கேக்க வந்தியா?'ன்னேன்.

'பெல்ட்டைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க மாஸ்டர்.'

'ஆருடி குடுத்தா உனக்கு அந்த அதிகாரத்தை?'

'நீங்கதானுங்க மாஸ்டர்.'

மரியாதையாத்தான் சொல்லுச்சு. அதுதானுங்க என்னை இன்னைக்கு வரைக்கும் எரிக்குது. திமிராச் சொல்லியிருந்தா ரெண்டு அறை விட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். 'அது கிளாசுக்குச் சொன்னது, மேடைக்குச் சொன்னது இல்லை'ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுது. நிஜமாவே யோசிச்சுதுங்க. 'ரெண்டு எடத்துலயும் கை ஒண்ணுதானுங்களே மாஸ்டர்'னுச்சு. போடி வெளியன்னேன். அன்னைக்கும் ஹாலைக் கூட்டி, மேட் விரிச்சு வெச்சுப்போட்டுத்தான் போச்சு. விரிச்சு என்ன பண்ண? சாயந்தரம் வந்தது ஏழெட்டுப் பேரு. அப்புறம் அவங்களும் நின்னுட்டாங்க. வக்கீல் வீட்டுக்கே போயி நியாயம் கேட்டேன். 'நீங்க சொன்னதைத்தானே அந்தப் பொண்ணு செஞ்சுச்சு, நான் கூடக் கை தட்டுனேனே'ங்கறாரு. படிச்ச மனுஷன் பேசற பேச்சா இது?

இப்ப ரைஸ் மில்லு களத்துல கிளாஸ் நடக்குது. ஜீவிதாவா ஆரம்பிக்கலையாம், புள்ளைகளாப் போயி அது வீட்டு வாசல்ல நின்னாங்களாம். மில்லு ஓனரு நெல்லுக் காயப்போடற களத்தைச் சாயந்தரத்துக்கு விட்டுக் குடுத்திருக்கறாரு. போர்டு கிடையாது, மேட் கிடையாது, சர்ட்டிபிகேட் கிடையாது. அனுமதியில்லாம நடத்துதுன்னு கராத்தே சங்கத்துல சொன்னேன். அவங்க என்னை விளக்கம் கேக்கறாங்க. என்னை!

கூத்தைக் கேளுங்க, அங்க தினம் ஒரு புள்ளை கேப்டனாம். முறை வெச்சுக்கிட்டு. ஒண்ணாவது படிக்கற வாண்டு கூட ஒரு நாள் கேப்டனாம். எல்லாரும் தலைவனாயிட்டா எவன் சொல்லை எவன் கேப்பான்? உடம்புக்கு முடியலைன்னா கையத் தூக்கி 'முடியலைக்கா'ன்னு சொல்லலாமாம். சொன்னா உக்கார வெச்சுத் தண்ணி குடுப்பாங்களாம். கராத்தே கிளாசா, பாலவாடியா?

எனக்கெப்படித் தெரியும்ங்கறீங்களா? ஊர் பேசுதுங்க. ஒரு நாள் டிவிஎஸ்ல அந்தப் பக்கம் போக வேண்டியதாப் போச்சு. வேலையாத்தான் போனேன். மில்லுச் சுவர் நல்ல உசரம், உள்ள ஒண்ணும் தெரியாது. பெட்ரோல் இருக்குதான்னு பாக்க வண்டிய நிறுத்துனேன். உள்ள எண்ணிக்கை கேக்குது. இச்சி, நீ, சான், சி. கணீர்னு. ஆருடா இது, நம்ம கிளாஸ்ல இப்படியொரு குரல் இல்லையேன்னு காதைக் குடுத்தா, எம்புள்ளைங்க. நேத்ரா. அடி வயித்துல இருந்து கத்து, கத்துன்னு ஏழு வருஷமா நான் தொண்டை தண்ணி வத்தக் கத்தியும் வராத குரலு, சுவத்துக்கு அந்தப் பக்கம் அத்தனை பேருக்கும் எண்ணிக் குடுக்குது.

அஸ்திவாரம் ஆரு போட்டது? நாந்தானுங்களே? அதை எவனும் சொல்ல மாட்டான்.

நடுவுல எண்ணிக்கைய விட்டுப்போட்டா, ஏழுக்கப்புறம் ஒம்பதுக்குத் தாவிட்டா. புள்ளைக எல்லாம் சிரிச்சாங்க. அவளும் சிரிக்கறா! தப்புப் பண்ணிப்போட்டுச் சிரிக்கறா. சிரிச்சுப்போட்டு மறுபடி முதல்ல இருந்து எண்ண ஆரம்பிச்சா. நான் பெட்ரோல் டேங்க் மூடியைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். பத்து வரைக்கும் முடிக்கட்டும்னு நின்னேன். முடிச்சா. நான் மூடியைப் போட்டுக்கிட்டு வந்துட்டேன்.

சரி, அது கிடக்கட்டும். உங்க பையனை எப்பக் கூட்டிக்கிட்டு வர்றீங்க? நாளைக்கே கூட்டிக்கிட்டு வாங்க. இப்பக் கூட்டமில்லாததும் நல்லதுக்குத்தான், அவன் ஒருத்தன் மேலயே என் கவனம் முழுசும் இருக்கும். முதல் நாளே கேப்டன் ஆக்கிப்போடறேன். வேற ஆளில்லை, போட்டியே கிடையாது. ஆறு மாசத்துல அவன் நிக்கற நிலைய நீங்களே பாருங்க.

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? தண்ணி கூடக் குடிக்கலையே. என்ன கேட்டீங்க?

ரைஸ் மில்லுக்கு எப்படிப் போறதுன்னுங்களா?

கேளுங்க, கேளுங்க. அதுல என்ன இருக்குது. எல்லாரும் கேக்கறதுதான்.

நேராப் போயி வாய்க்கால் பாலத்தைத் தாண்டுனா எடது கைப் பக்கம், உமி குவிச்சு வெச்சிருப்பாங்க. அஞ்சரைக்கு ஆரம்பிக்கும். முன்னாடியே போனீங்கன்னா அந்தப் புள்ளை களத்தைக் கூட்டிக்கிட்டிருக்கும், அப்பவே பேசிக்கலாம். நல்லாப் பேசும்.

சித்த நில்லுங்க. போறதுதான் போறீங்க, எனக்கு ஒண்ணு பண்ணுங்க. நான் சொன்னேன்னு சொல்லிக்க வேண்டாம், ஆருகிட்டயும் கேக்கவும் வேண்டாம், கண்ணால பாத்தாப் போதும். ரெட்டைச் சடை போட்டு ஒல்லியா ஒரு புள்ளை நிக்கும், எடது கன்னத்துல மச்சம். அவளுக்கு அந்த வலது கைய முழுசா மூட முடியுதான்னு பாருங்க. விரல் அஞ்சும் உள்ள மடங்குதான்னு. மடங்குதுன்னா நல்லது. மடங்கலைன்னாலும் வந்து சொல்லுங்க.

மேல ஏறி வர வேண்டாமுங்க. கீழ நின்னு ஒரு குரல் குடுங்க. நான் இங்கதான் இருப்பேன்.